பக்கத்து வீட்டுக் கேமரா நம் கொல்லையைப் பார்த்தால் என்ன செய்வது?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஒரு புறநகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் பிளஸ் டூ படிக்கும் மகளும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்து முடித்த கையோடு வீட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டினார். அதில் ஒன்று அவர் மாடி மூலையில் இருந்து நேராக எங்கள் கொல்லையைப் பார்க்கிறது. குளியலறை, துவைக்கிற கல், துணி காயப்போடும் கொடி எல்லாம் எங்களுக்குக் கொல்லையில்தான். மகள் குளித்துவிட்டு வெளியே வரவே கூசுகிறாள். போய்ச் சொன்னால், "என் வீட்டுச் சுவரில் நான் மாட்டியிருக்கிறேன், உங்களுக்கு என்னம்மா கஷ்டம், உங்கள் வீட்டுக்கும்தானே பாதுகாப்பு" என்கிறார். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கேமராவை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? நானும் ஒரு கேமரா வாங்கி அவர் வீட்டைப் பார்த்து மாட்டினால் தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் கூசுவதில் முழு நியாயம் இருக்கிறது, இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பதினேழு வயதுப் பெண் தன் வீட்டுக் கொல்லையில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நான்கு எட்டு நடக்க யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் அது சின்ன விஷயமே இல்லை. "அக்கம்பக்கத்தில் இதற்கெல்லாம் சண்டை போடுவார்களா" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். சண்டை போடாமலே இதைத் தீர்க்க வழி இருக்கிறது, தீரவில்லை என்றால் கோர்ட்டும் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகவே வருகிறேன். தன் வீட்டுச் சுவரில், தன் வாசலையும் கேட்டையும் வண்டி நிற்கிற இடத்தையும் பார்க்கும்படி அவர் கேமரா மாட்டிக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது, அதற்கு உங்களிடம் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதில் உங்களுக்குப் பேச்சு உண்டு. சுவர் அவருடையது, கொல்லை உங்களுடையது. அதனால் நீங்கள் "கேமராவை எடுங்கள்" என்று கேட்காதீர்கள். எடு என்றதுமே அவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடும், "திருடனுக்கு வக்காலத்தா" என்றுகூடக் கேட்பார். "எங்கள் கொல்லை தெரியாதபடி கேமராவைத் திருப்புங்கள், திருப்ப முடியாவிட்டால் அந்தப் பகுதியைத் திரையில் மறையுங்கள்" என்று கேளுங்கள். இதற்கு மறுப்புச் சொல்ல ஒருவருக்கு நியாயமான காரணம் எதுவும் கிடைக்காது. கோர்ட்டுக்குப் போனாலும் நீதிபதி கேட்கப்போவது இதைத்தான்: திருப்பச் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்?

மாட்டியவர் வேண்டுமென்றே உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். வீடுகளுக்கு கேமரா மாட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது 2.8 எம்எம் லென்ஸ். அதன் பார்வை ஏறத்தாழ நூறு பாகை அகலம். அதைக் கொண்டுபோய் மாடி மூலையில் மாட்டினால், பக்கத்து மனையில் பாதி தானாகவே உள்ளே வந்துவிடும். அதே இடத்தில் 6 எம்எம் லென்ஸ் போட்டால் அகலம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்து அவருடைய சந்து மட்டும் தெரியும். இன்னும் சுலபமான வழியும் உண்டு. இப்போது வருகிற பெரும்பாலான டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டிகளிலும், இணையத்தோடு இணைகிற ஐபி கேமராக்களிலும் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒரு வசதி இருக்கிறது. கேமரா அமைப்புக்குள் போய், திரையில் உங்கள் கொல்லை தெரிகிற இடத்தின் மேல் மவுஸால் ஒரு கட்டம் இழுத்துச் சேமித்தால், அந்த இடம் கறுப்பாகிவிடும், பதிவிலும் அப்படியேதான் விழும். ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் இருக்கலாம், மாட்டியவரைக் கூப்பிட்டால் செய்து கொடுத்துவிடுவார். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த மறைப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட முடியும். அதனால் திருப்புவதுதான் முதல் கோரிக்கை, மறைப்பது இரண்டாவது. இரண்டு பக்கமும் சுழல்கிற, போனிலிருந்தே திருப்பக்கூடிய வைஃபை கேமரா என்றால் வெறும் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். அதற்கு உங்கள் பக்கமாக ஒரு தகடோ தடுப்போ வைக்கச் சொல்லுங்கள்.

அவரிடம் பேசப் போவதற்கு முன்னால் கொல்லையில் நின்று பாருங்கள். குளியலறைக் கதவருகே, துவைக்கிற கல்லருகே, கொடியருகே நின்று மேலே பார்த்தால் லென்ஸின் கண்ணாடி வட்டமாகத் தெரிகிறதா? தெரிந்தால் அதற்கும் உங்களைத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கவிழ்த்த கிண்ணம் மாதிரி கறுப்பு மூடி போட்ட டோம் கேமரா என்றால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, உங்கள் செல்போனின் செல்ஃபி கேமராவை அந்தப் பக்கம் காட்டிப் பாருங்கள். லென்ஸைச் சுற்றி வெளிர் ஊதாப் புள்ளிகள் மின்னினால் அதன் இரவுப் பார்வை விளக்கு எரிகிறது, கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் இடத்தில் நின்றபடியே அந்தக் கேமராவைப் பகலில் சில படம், இரவில் சில படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் தெரியட்டும். பின்னால் வழக்கு என்று வந்தால், இந்த மாதிரி டிஜிட்டல் படங்களோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் படம் எடுத்த போனை விற்காமல், அழிக்காமல் வைத்திருங்கள்.

பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வீட்டு அம்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. கொல்லையில் குளித்துத் துவைக்கிற ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணின் சங்கடத்தை இரண்டு வார்த்தையில் புரியவைத்துவிடலாம், "அக்கா, உங்க டிவியில எங்க கொல்லை எவ்வளவு தெரியுதுன்னு ஒரு தடவை காட்டுங்களேன்" என்றால் போதும். திரையைப் பார்த்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும், ஒருவேளை குளியலறைக் கதவு அதில் பளிச்சென்று தெரிந்தால் அவருக்கே சங்கடமாகி அன்றே திருப்பிவிடக்கூடும். இந்த மாதிரி தகராறுகளில் பல, திரையைச் சேர்ந்து பார்த்த அன்றைக்கே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒலியும் பதிவாகிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் மைக் உண்டு. உங்கள் கொல்லைப் பேச்சு அவர் வீட்டுப் பெட்டியில் பதிவாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, மைக்கை நிறுத்தச் சொல்லுங்கள். திருட்டைத் தடுக்க அது தேவையே இல்லை.

இன்னொன்றையும் அவருக்கே புரியும்படி சொல்லுங்கள். இந்தப் பதிவு அவர் கண்ணில் மட்டும் படும் என்று அவராலேயே உறுதி சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவிக் காட்சிகள் இணையத்தில் வெளியாகி, டெலிகிராமில் விலைக்கே விற்கப்பட்டது தெரியவந்தது. யாரோ எங்கிருந்தோ உள்ளே நுழைந்து எடுத்தவை அவை. வீட்டுக் கேமராக்களில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். உங்கள் மகளின் படம் என்றைக்காவது வெளியே போனால் காவல் துறை முதலில் தேடி வருவது அவர் வீட்டைத்தான். இதை மிரட்டலாகச் சொல்லாமல் அக்கறையாகவே சொல்லலாம், உண்மையும் அதுதான்.

சரி, பேசியும் கேட்கவில்லை. அப்புறம்?

கடிதம். வக்கீல் நோட்டீஸ்கூட உடனே வேண்டாம், நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து கேமரா இருக்கிறது, எந்த மூலையில் எவ்வளவு உயரத்தில், உங்கள் வீட்டின் எந்த இடங்கள் அதில் படுகின்றன, என்றைக்கு நேரில் வந்து சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், இப்போது நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள். பதினைந்து நாள் கொடுங்கள். திட்டு, சாபம், பழைய எல்லைத் தகராறு எதுவும் அதில் வரக் கூடாது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு அவர் "தெரியாமல் பட்டுவிட்டது" என்று சொல்லலாம். எழுத்தில் கையில் கிடைத்த பிறகும் கேமரா அங்கேயே இருந்தால் அந்தப் பதில் செல்லாது, தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்றாகிவிடும். கிரிமினல் சட்டத்தில் எண்ணம்தான் முக்கியம், அதைக் காட்ட இந்த ஒரு தாள் போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இது இல்லாமல் காட்டுவது ரொம்பக் கடினம்.

கிரிமினல் பக்கம் என்னென்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்டேஷனில் பேச உதவும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கிற இடத்தில் குளிப்பது போன்ற அந்தரங்கச் செயலில் இருக்கும்போது ஒருவர் அதைப் பார்ப்பதையோ படம் எடுப்பதையோ குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 79-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் எண்ணத்தோடு அவளுடைய அந்தரங்கத்தில் தலையிடுவதைப் பற்றியது, இதிலும் மூன்றாண்டு வரை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் உடம்பின் அந்தரங்கப் பகுதிகளை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. ஆனால் இந்தப் பிரிவுகள் எல்லாமே குறுகலானவை. துணி காயப்போடுவது, மாவு ஆட்டுவது, மகள் கொல்லையில் உட்கார்ந்து படிப்பது இவையெல்லாம் பதிவானால் இவற்றில் எதுவும் நேராகப் பொருந்தாது. குளியலறைக் கதவு அல்லது சன்னல் வழியாக உள்ளே தெரிகிறது என்றால் கதையே வேறு, அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பதினைந்து நாள் கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. மகளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று சொன்னதும் திரும்பி வந்துவிட்டீர்கள், வாயால் சொன்னால் அவர்களும் வாயாலேயே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை எழுத்தில் மனு கொடுத்து, மனு பதிவானதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவே வழி சொல்கிறது. மனு வந்தால் எதிராளியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பாதி பேர் அந்த ஒரு போன் அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். போலீசுக்கு கேமரா என்றாலே நல்லதுதான் என்ற எண்ணம் இருப்பதற்கும் காரணம் உண்டு. சென்னையில் காவல் துறை 'மூன்றாவது கண்' என்று திட்டம் போட்டுத் தெருத் தெருவாக மக்களைக் கேமரா மாட்டச் சொன்னது, அதில் எத்தனையோ குற்றவாளிகள் சிக்கியும் இருக்கிறார்கள். அந்தக் கேமராக்களைத் தெருவைப் பார்த்து வைக்கச் சொன்னார்களே தவிர, யார் வீட்டுக் கொல்லையையும் பார்த்து வைக்கச் சொல்லவில்லை. இதை மனுவில் ஒரு வரியாக எழுதலாம்.

இனி சிவில். உங்களுக்கு நிலையான தீர்வு கிடைக்கக்கூடிய இடம் இதுதான், ஆகவே "சிவில் மேட்டர்" என்று சொன்னதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்துக்கு அச்சாக உங்கள் பிரச்சினையே வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டார் விஷயங்களை எட்டிப் பார்க்க அனுமதிக்க முடியாது என்று சொல்லி, இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டைப் பங்கிட்டு வாழ்கிற சகோதரர்களுக்குள், கூட இருப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா ஓடக் கூடாது என்றது. எதிர்த்துப் போன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அந்த மே மாதமே தள்ளுபடி செய்துவிட்டது. அது ஒரே கூரைக்குள் நடந்த தகராறு, உங்களுடையது மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதனால் அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஆனாலும் "என் கேமரா, என் சொத்து" என்ற வாதத்துக்கு அது நல்ல பதில்.

இந்தச் சண்டை கேமராவோடு வந்ததும் இல்லை. 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தை (ஈஸ்மென்ட் சட்டம், அடுத்தவர் நிலத்தின்மேல் ஒருவருக்கு உள்ள உரிமைகளைப் பற்றியது) புரட்டினால் 18-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது: ஊர் வழக்கப்படி, பக்கத்து வீட்டாரின் அந்தரங்கம் பெரிதும் கெடும்படி புதுச் சன்னல் திறக்க முடியாத ஊர் ஒன்றைப் பற்றி. வட இந்தியாவில் இந்த வழக்கத்தை நீதிமன்றங்கள் தாராளமாக ஏற்றன. நம் மதராஸ் பக்கத்தில் அந்தக் காலத்தில், வேண்டுமானால் நீயே சுவரை உயர்த்திக்கொள் என்கிற போக்குதான் இருந்தது. 2017-க்குப் பிறகு அந்தப் பதிலைச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது சுலபமில்லை.

வழக்கு எப்படிப் போடுவது? உங்கள் பகுதி முன்சீப் கோர்ட்டில், கொல்லையைப் படம்பிடிக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும், கேமராவைத் திருப்பி வைக்க வேண்டும் என்று செயலுறுத்துக் கட்டளையும் கேட்க வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு. இவற்றைவிட முக்கியமானது, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்கும் மனு. கோர்ட் அனுப்புகிற அந்த ஆணையர் நேரில் வந்து கேமரா எங்கே இருக்கிறது, அவர் வீட்டுத் திரையில் உங்கள் கொல்லை எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துப் படத்தோடு அறிக்கை கொடுப்பார். உங்களால் அவர் வீட்டுக்குள் போய்த் திரையைப் பார்க்க முடியவில்லை என்றால் அதைப் பார்க்க இதுதான் வழி. இந்த மனு இல்லாமல் வழக்குப் போட்டால் "என் கேமராவில் அவங்க வீடு தெரியவே இல்லை" என்ற ஒற்றை வரியில் அவர் இழுத்தடித்துக்கொண்டே போகலாம். செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே அங்கே ஒரு மனு கொடுத்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி எழுதி வாங்குவார்கள், எனக்கு உங்கள் விஷயத்தில் இந்த வழிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள். தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் பதிவுகளுக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் வீட்டாரின் படம் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தால் மட்டும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் மகள் என்ன செய்வாள்? நாளைக்கே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். தப்பு அவர் பக்கம் இருக்க நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று தோன்றும்தான், ஆனாலும் அவளுக்கு இன்றைக்கு நிம்மதி வேண்டும். மாடியிலிருந்து பார்க்கிற கேமராவுக்கு மதிலை உயர்த்துவதால் பயன் குறைவு, தலைக்கு மேலே மறைப்பு வேண்டும். குளியலறை வாசலிலிருந்து வீட்டுப் பின்கதவு வரைக்கும் நான்கு இரும்புக் குழாய் நட்டு, தோட்டத்துக்குப் போடுகிற பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். அடர்த்தி அதிகமான வலையாகக் கேளுங்கள், 50 சதவீத வலையில் உருவம் தெரியும், 75-க்கு மேல் போனால் நன்றாக மறைக்கும். துவைக்கிற கல் பக்கம் மூங்கில் தட்டி வைத்து அதில் சங்குப்பூவோ ரங்கூன் மல்லியோ ஏற்றிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். சன்னலுக்கு, வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி தெரியும் ஸ்டிக்கரை வாங்காதீர்கள். பகலில்தான் அது மறைக்கும், ராத்திரி உள்ளே விளக்குப் போட்டதும் எல்லாம் வெளியே தெரியும். பனி படர்ந்த மாதிரி இருக்கிற ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இரவிலும் கைகொடுக்கும்.

கேமராவை உடைப்பது, கம்பால் திருப்புவது, வயரை வெட்டுவது எதையும் செய்யாதீர்கள், ஊரிலிருந்து வருகிற தம்பியையும் செய்ய விடாதீர்கள். லேசர் அடிக்கச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. அதுவும் வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையே போகும். சேதப்படுத்தினால் அவர் கொடுக்கிற புகாரில் நீங்கள் குற்றவாளி ஆவீர்கள், உங்கள் புகார் அடியில் போய்விடும், சாட்சியாக அவருடைய கேமராவே இருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்வி: பதிலுக்கு நானும் மாட்டலாமா? அவர் வீட்டைப் பார்த்து வேண்டாம். நாளைக்கு ஆணையர் வந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள் என்று எழுதிவிடுவார், அவர் வீட்டுப் பெண்களுக்கும் உங்கள் மகளுக்கு இருக்கிற அதே உரிமை இருக்கிறது. கணவர் ஊரில் இல்லாத வீடு, பாதுகாப்புக்கு வேண்டும் என்று தோன்றினால் உங்கள் கேட்டையும் பின்கதவையும் மட்டும் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். மாட்டுகிற அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், அவரைக் கூப்பிட்டு உங்கள் திரையைக் காட்டுங்கள். அவர் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்க அதுவே நல்ல சந்தர்ப்பம்.

கணவர் விடுமுறையில் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அங்கே குடியிருப்பவர் நீங்கள், கடிதமும் போலீஸ் மனுவும் உங்கள் பெயரிலேயே போகலாம். வீடு அவர் பெயரில் இருந்தால் மட்டும், சிவில் வழக்கில் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்சேபணை வராமல் இருக்க, அவரிடமிருந்து ஓர் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பத்திரம் வருவதற்குள் உங்கள் பதினைந்து நாள் கெடுவும் முடிந்திருக்கும்.